செவ்வாய் இறங்கிய உடம்பு

செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த ஒரு சக்தி என் உடம்புக்குள் புகுந்ததாக நான் மூன்று தடவை மேடையில் நடித்திருக்கிறேன். மூன்று தடவையும் கூட்டம் அசையாமல் பார்த்தது. ஆனால் அதைப் பற்றி யாரிடமும் நானாகப் பேசியதில்லை. நாடகத்தில் நடித்ததுண்டா என்று யாராவது கேட்டால், சின்ன வயசில் ஏதோ கொஞ்சம் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது. தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி அளந்து கிழிக்கிற வேலை. அப்பா அம்மா இல்லை. என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணனோடும் மதினியோடும் ஒரே வீட்டில் இருந்தேன். அண்ணன் பத்திரம் எழுதுகிறவர் ஒருவரிடம் நகல் எழுதினார். அண்ணன் எழுதியதை ரிஜிஸ்தர் ஆபீசில் கண்ணாடி போடாமலே படித்துவிடுவார்கள் என்று பேச்சு.

அண்ணனுக்கு வலிப்பு உண்டு. மாசத்துக்கு ஒரு தடவை வரும், சில மாசம் இரண்டு தடவை. அதுவரை வீட்டில் வைத்துத்தான் வந்தது, வெளியே யாருக்கும் தெரியாது. எனக்கு ஒன்பது வயதிலிருந்து பார்க்கிறேன். முதலில் இடது கைப் பெருவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். பிறகு யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டதைப் போலக் கழுத்து இடது தோள் பக்கம் திரும்பும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம். அப்புறம் அவர் அப்படியே சரிவார். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை வைப்பது என் வேலை. அடங்கிய பிறகு கண்ணைத் திறந்து, சுற்றி இருப்பவர்களை யாரென்று தெரியாதவர் போலப் பார்ப்பார். பிறகு, “மணி என்ன?” என்று கேட்பார். எப்போதும் அதைத்தான் முதலில் கேட்பார்.

தென்காசியிலிருந்து மூன்று மைலில் குற்றாலத்து அருவி இருந்தும் அவர் ஒரு நாளும் அதில் தலை கொடுத்ததில்லை. நாங்கள் குளிக்கும்போது துணிகளைப் பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருப்பார்.

தனக்கு என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. ஒரு தடவை நான் பக்கத்தில் இருக்கும்போதே மதினியிடம் கேட்டார்.

“அந்த நேரத்துல நான் என்னதான் பண்ணுதேன்?”

“ஒண்ணுமில்ல. கண்ணு சொருகும், சாஞ்சுக்கிடுவிய. தூங்குத மாதிரித்தான். அஞ்சு நிமிஷத்துல முழிச்சுக்கிடுதிய.”

அண்ணன் என்னைப் பார்த்தார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். வாயில் நுரை தள்ளுவதையும், அடிக்கடி நாக்குக் கடிபட்டு ரத்தம் வருவதையும், வேட்டி நனைந்துபோய் மதினி மாற்றிவிடுவதையும் நாங்கள் இருவரும் சொல்லவில்லை. புண்ணான நாக்குக்கு, பல் பட்டிருக்கும் என்று சொல்லி வைத்திருந்தோம்.

எங்கள் தெருவில் ஹைஸ்கூல் சயன்ஸ் வாத்தியார் ஒருவர் குடியிருந்தார். புராண நாடகங்களாகவே பார்த்து அலுத்துப்போய், அவரே ஒரு நாடகம் எழுதினார். மலை உச்சியில் ஒரு விஞ்ஞானி ரேடியோக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு ஆகாயத்துச் சத்தங்களைக் கேட்கிறான். செவ்வாயிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. காதில் மாட்டிய கருவி வழியாக ஏதோ ஒன்று அவனுக்குள் இறங்குகிறது. செவ்வாயில் தண்ணீர் வற்றிவிட்டது. அதற்குக் குற்றாலத்து அருவி வேண்டும். விஞ்ஞானியின் மூளையையும் கையையும் வைத்து அது அருவியை உறிஞ்சுகிற இயந்திரம் ஒன்றைச் செய்யப் பார்க்கிறது. கடைசியில் அவன் ஒரு நிமிஷம் தன் நினைவுக்கு வந்து எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறான். இதுதான் கதை. சீசனுக்கு வருகிறவர்கள் முன்னால் குற்றாலத்திலேயே போட வேண்டும் என்று வாத்தியாருக்கு ஆசை. குரல் நன்றாக இருக்கிறது என்று என்னை விஞ்ஞானி ஆக்கினார். நடிக்கிற எட்டுப் பேருக்கும் அவரவர் பாகத்தைத் தனித்தனியாக எழுதிக் கொடுத்தது அண்ணன். காசு எதுவும் வாங்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்து எழுதி, ஒவ்வொன்றையும் நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

ஒத்திகையில் அந்தச் சக்தி இறங்குகிற கட்டத்தில் நான் ஆடினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் கொடையில் சாமியாடிகள் ஆடுவதுதான். தலையைச் சுற்றினேன், பல்லைக் கடித்து உறுமினேன். மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். வாத்தியார் கையை உதறினார்.

“இது சாமி இல்லவே. பேயும் இல்ல. அதுக்கு உடுக்கும் தெரியாது, திருநீறும் தெரியாது. மனுஷ உடம்புன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. கை எதுக்கு, கழுத்து எதுக்குன்னு தெரியாம உள்ள இருந்து ஒவ்வொண்ணா இழுத்துப் பாக்கும். அந்த மாதிரி வேணும்.”

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது. வேண்டாம் என்று தோன்றவே இல்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தோன்றியது. அண்ணன் தன்னை அந்த நிலையில் பார்த்ததே இல்லை, பார்த்தாலும் அவருக்கு அடையாளம் தெரியப் போவதில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் ஒத்திகையில் பெருவிரலை மடக்கினேன், கழுத்தைத் திருப்பினேன், அந்தச் சத்தத்தைக் கொடுத்து விழுந்தேன். யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

“எங்கன இருந்துவே புடிச்சீரு?” என்றார்.

“சும்மா தோணிச்சு சார்” என்றேன்.

ஆனி கடைசியில் குற்றாலத்தில் நாடகம். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் என்பதால் சாயங்காலம் நாலு மணிக்கே ஆரம்பித்தோம். தகரக் கொட்டகை. வெளியே சாரல். குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவர்கள்தான் பாதிப் பேர், எண்ணெய் வாடை கொட்டகை முழுக்க இருந்தது. அருவிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேச வேண்டியிருந்தது. அண்ணனும் மதினியும் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வரச்சொல்லி அழைத்தது நான்தான்.

அந்தக் கட்டம் வந்தது. நான் விழுந்தபோது முன்வரிசையில் ஒரு அம்மாள் “ஐயோ” என்று எழுந்துவிட்டாள். உடம்பை விறைத்து, உதறி, வாயில் நுரைக்கு அடக்கி வைத்திருந்த சீயக்காய்த் தண்ணீரைக் கொஞ்சம் விட்டேன். பிறகு அடங்கி, மெதுவாக எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தை முன்பின் பார்த்திராதவன் போலப் பார்த்து, “மணி என்ன?” என்றேன். அது வாத்தியார் எழுதியது இல்லை. ஒத்திகையில்கூட நான் சொன்னதில்லை. அந்த நிமிஷம் தானாக வந்தது. கொட்டகை அப்படியே உறைந்தது. பிறகுதான் கை தட்டினார்கள்.

தட்டும்போது மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன். மதினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் தன் இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். வாளியை உள்ளே விட்டபடியே கேட்டார்.

“ஏலே, ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லணும்.”

“கேளுங்கண்ணே.”

“நான் இப்படித்தான் விழுதேனா?”

“சேச்சே. இல்லண்ணே. அது வாத்தியார் சொல்லிக்கொடுத்ததுல்லா.”

“மணி என்னன்னு கேட்டியே. நான் எழுதுன பாகத்துல அது இல்லையே.”

“அந்த நேரத்துல வாயில வந்துட்டு.”

அவர் வாளியை இழுத்து மேலே வைத்தார். “சரி” என்றார். அவ்வளவுதான். தண்ணீரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் நான் சாப்பிட வந்தபோது மதினி பரிமாறிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: “அவிய எங்கிட்ட ஒண்ணும் கேக்கல தம்பி. இனிமே கேக்கவும் மாட்டாவ. இத்தன வருஷமா நான் சொன்னதெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சுபோச்சுல்லா.”

அன்றைக்கே வாத்தியாரிடம் போய் இனிமேல் முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. கடைக்கு வருகிறவர்கள், “இவர்தான செவ்வாய்?” என்று கேட்டார்கள். முதலாளி அண்ணாச்சி வாடிக்கைக்காரர்களிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டார். புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ வியாபாரி ஒருவர் தன் மச்சினனுக்குக் காட்டுவதற்காகவே அவனைக் கடைக்கு அழைத்து வந்தார். துணி கிழிக்கிறவனை யாரும் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. அந்த ருசியை விட மனசு வரவில்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆடி மாசம் தென்காசியில் நெல் மூட்டை அடுக்கும் ஒரு கிட்டங்கியில் இரண்டாவது தடவை போடுவதாக இருந்தது. அதற்கு நாலு நாளைக்கு முன்னால் வீட்டில் அண்ணன் எழுதிக்கொண்டிருந்தபோது வலிப்பு வந்தது. நான் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அப்போது அவருடைய வலது குதிகால் தரையில் அடிப்பதைக் கவனித்தேன். சீராக அடிக்கவில்லை. இரண்டு அடி, ஒரு நிறுத்தம், மறுபடியும் இரண்டு அடி. இதை நாம் மேடையில் செய்யவில்லையே என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேனோ தெரியாது. மதினி ஓடிவந்து என் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி அவர் கையில் திணித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். நெல் கிட்டங்கியில் நான் குதிகாலையும் சேர்த்துக்கொண்டேன். பலகை மேடை என்பதால் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அண்ணன் அதற்கு வரவில்லை. ஆவணியில் குற்றாலத்தில் மூன்றாவது தடவை போட்டபோதும் வரவில்லை. ஆனால் யாருக்கோ பாகம் எழுதிய நோட்டு தொலைந்துவிட்டது என்று வாத்தியார் சொல்லியனுப்பியபோது புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். அதில் அந்த ஆள் பதில் சொல்வதற்காகக் குறித்திருந்த என் வசனங்களுக்கு நடுவே, “மணி என்ன?” என்ற வரியையும் சேர்த்து எழுதியிருந்தார்.

மூன்றாவது நாடகம் முடிந்து பத்து நாள் இருக்கும். மத்தியானம் கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரருக்குத் துணி அளந்துகொண்டிருந்தேன். தேரடிப் பக்கம் கூட்டம் கூடியது. சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரோ கத்தினார்கள்: “ஏலே, செவ்வாய் எறங்கிட்டுலே!”

கஜக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே ஓடினேன். கூட்டத்தின் பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். வெயிலில் தெருவில் அண்ணன் கிடந்தார். ரிஜிஸ்தர் ஆபீசிலிருந்து சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்புகிற நேரம். கையிலிருந்த காகிதங்கள் சிதறிக் கிடந்தன. தேரடிக் கல்லில் வாய் அடிபட்டு ரத்தம். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவர் நாடகத்துக்குப் பழகிப் பார்க்கிறார் என்றே நினைத்தார்கள்.

“செவ்வாய்க்காரனோட அண்ணன்லா. தம்பியவிட நல்லாப் பண்ணுதாருவே” என்று என் பக்கத்தில் நின்றவரே சொன்னார்.

நான் உள்ளே பாயவில்லை. இப்போது போனால் நான் யாரிடமிருந்து எடுத்தேன் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்ற நினைப்பு என்னைப் பிடித்து நிறுத்தியது. பத்து எண்ணுகிற நேரம் இருக்கும். அந்தப் பத்தும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எங்கள் கடைக்கு லுங்கிகள் நெய்து கொண்டுவரும் பாய் ஒருவர், தலையில் இருந்த மூட்டையை அப்படியே போட்டுவிட்டுக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

“சிரிக்கியளே, வெக்கமா இல்ல? மனுஷன் மூச்சு முட்டிக் கெடக்கான்!”

அண்ணனை ஒருக்களித்துப் புரட்டி, தன் தோள் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தார். அதற்குப் பிறகுதான் நான் போனேன். கையில் சாவி இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெல்ல அடங்கியது. அண்ணன் கண்ணைத் திறந்தார். ரத்த வாயோடு பாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார்.

“மணி என்ன?” என்றார்.

கூட்டம் மறுபடியும் சிரித்தது. ஊருக்கே தெரிந்த வசனம் அது. பிறகு ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒவ்வொருவருக்கும் விஷயம் விளங்கியபோது எல்லோருடைய பார்வையும் அண்ணனை விட்டு என்மேல் திரும்பியது. நான் குனிந்து காகிதங்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அண்ணனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்துவிட்டது. அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கிட்ட ஏன்வே சொல்லல?” என்றார். பிறகு அவரே, “நானும் ரெண்டாம் தடவை கேக்கலியே. கேட்டா நீரு நிறுத்திடுவீரோன்னு இருந்துட்டேன்” என்றார்.

நாடகத்தை அத்தோடு நிறுத்தினார். அண்ணனும் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். தெருவில் நடந்தால் சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை தன் கையைத்தான் பார்க்கிறார்கள் என்று மதினியிடம் சொன்னாராம். அடுத்த தை மாசம் இருவரும் மதினியின் ஊரான சிவகிரிக்குப் போய்விட்டார்கள். வண்டியில் சாமான் ஏற்றியபோது நானும் ஏற்றினேன். இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வா என்று அவர்களும் சொல்லவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் நான் அங்கே போகவில்லை. கடையில் லீவு கிடைக்கவில்லை என்று எழுதிப்போட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் வீட்டிலேயே இருந்து நகல் எழுதினார். ஆட்கள் தேடி வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு ரொம்பக் குறைந்திருந்தது. கொஞ்சம் சதை போட்டிருந்தார். சிரிக்கும்போது உடைந்த பல் தெரிந்தது.

“அண்ணே, அன்னைக்கு நான் பொய் சொன்னேன். உங்களப் பாத்துத்தான் பண்ணினேன்” என்றேன்.

“அது அன்னைக்கே தெரியும்லே.” பேனாவை மூடி வைத்தார். “நான் விழுந்தா நீ பக்கத்துல இருக்கேங்கிற தைரியத்துலதான் இருந்தேன். மதினி சமையல்ல இருந்தாலும் தம்பி பாத்துக்கிடுவான்னு. நீ பதறிப்போயிப் பாத்துக்கிட்டிருக்கன்னு நெனச்சேன். பாடம் படிச்சிருக்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கொஞ்ச நேரம் கழித்து, “சரி, படிச்சதைச் சொல்லு. முதல்லேர்ந்து சொல்லு. நடிக்க வேண்டாம், வாயால சொன்னாப் போதும்” என்றார்.

சொன்னேன். பெருவிரல், கழுத்து, சத்தம். பத்திரம் எழுத வந்தவர்களிடம் நிலத்தின் எல்லை கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். எவ்வளவு நேரம்? சத்தம் தெரு வரைக்கும் கேட்குமா? கண் திறந்திருக்குமா, மூடியிருக்குமா? அடுக்களை வாசலில் மதினி வந்து நின்றாள். நிறுத்தச் சொல்வாள் என்று நினைத்தேன்.

“வலது காலு மட்டுந்தான் அடிக்கும்” என்றாள். “சில நேரம் வேட்டி நனைஞ்சிரும். நான் மாத்திவிட்டுருவேன்.”

அண்ணன் அவளைத் திரும்பிப் பார்த்தார். “ஒவ்வொரு தடவையும் நீதானா?”

“வேற யாரு?” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மதினி சோறு போட்டாள். எனக்கும் போட்டாள்.

அதற்குப் பிறகு வருஷம் இரண்டு தடவையாவது போய் வந்தேன். அவர் நல்ல ஆயுசோடு இருந்தார். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட அவர்தான் எழுதித் தந்தார். அந்த நாடகத்தைப் பற்றி மறுபடியும் பேச்சு வரவில்லை. அன்று அவ்வளவையும் சொன்னவன், தேரடியில் கூட்டத்துக்குப் பின்னால் கஜக்கோலோடு நின்ற அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தை மட்டும் சொல்லவில்லை. கண்ணைத் திறந்தபோது நான் காலைப் பிடித்துக்கொண்டிருந்ததைத்தான் அவர் பார்த்திருந்தார். தம்பி உடனே வந்துவிட்டான் என்று சிவகிரியில் பலரிடம் சொல்லியிருக்கிறார். நானும் கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.